உண்ணும் பொழுதும் இல்லத்தின் நலமும்

உணவினைப் பற்றிய ஆராய்ச்சி நெடுங்காலமாக இரண்டு வினாக்களைச் சுற்றியே நிகழ்ந்து வந்தது. எதனை உண்பது என்பது ஒன்று. எவ்வளவு உண்பது என்பது மற்றையது. எப்பொழுது உண்பது என்னும் மூன்றாவது வினா, பாட்டிமாரின் அறிவுரைக்கு உரியதேயன்றி விஞ்ஞானிகளின் கவனத்துக்கு உரியதன்று எனப் பலராலும் எண்ணப்பட்டது. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாக இந்நிலை மாறி வருகின்றது. ஒரே அளவான சோறும் கறியும், பொழுது சாய்ந்த சிறிது நேரத்துள் உண்ணப்படும்போது உடலில் ஒருவகையாகவும், நள்ளிரவை அண்டி உண்ணப்படும்போது வேறொருவகையாகவும் ஏற்கப்படுகின்றன என்பதற்குப் பரிசோதனைச் சான்றுகள் திரண்டுள்ளன. இரவு பத்து மணிக்கு மேல் அடுப்பு மூட்டும் இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளிலே, இது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய வினாவன்று.

பொழுதுக்கும் உணவுக்கும் உள்ள உறவை முன்னோர் எண்ணாதிருந்தாரல்லர். திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் ‘மருந்து’ என்னும் பெயருடையது. அதிலே மூலிகை எதுவும் கூறப்படவில்லை. முன் உண்டது அற்றபின் உண்ணுதலே மருந்தாகக் கூறப்படுகின்றது. தேரவாத பௌத்த பிக்குகள் நண்பகல் கடந்தபின் திண்ணிய உணவைக் கொள்வதில்லை. சமணர் கதிரவன் மறைந்தபின் உண்ணாமையை நோன்பாகக் கொண்டனர். சைவ மக்களிடத்தே ஒருபொழுது உண்டு விரதங்காக்கும் வழக்கம் இன்றுமுண்டு. ஆயினும் ஈண்டு ஒன்று கவனிக்கத்தக்கது. சமணர் இரவுணவை விலக்கியது முதன்மையாக உயிர்க்கொலைக்கு அஞ்சியேயாம். விளக்கொளியில் சமைக்கும்போதும் உண்ணும்போதும் சிற்றுயிர்கள் மாளும் என்பது அவர் கருத்து. பிக்குகளின் விதி துறவொழுக்கத்தைச் சார்ந்தது. இன்றைய உடற்றொழிலியல் கூறுவனவற்றையெல்லாம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மேடைகளிற் கூறுவது கைதட்டலைப் பெறலாம், ஆராய்ச்சியாகாது. வள்ளுவர் கூற்று ஒன்றே உடல்நலத்தை நேராக நோக்கி எழுந்தது. அதுவும் நீண்ட அனுபவத்தின் விளைவேயன்றிப் பரிசோதனையின் விளைவன்று.

பரிசோதனையின் வரலாறு ஒரு செடியிலிருந்து தொடங்குகின்றது. 1729 ஆம் ஆண்டிலே த மைரன் என்னும் பிரெஞ்சு வானியலறிஞர், பகலில் இலை விரித்து இரவில் இலை கூம்பும் தொட்டாற்சுருங்கி இனத்துச் செடியொன்றை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாதபோதும் அச்செடி தன் வேளை தவறாது இலைகளை விரித்தது, கூம்பிற்று. உயிர்களின் உள்ளே காலத்தை அளக்கும் ஏதோ ஒன்றுண்டு என்பதற்கு இதுவே முதற் சான்று. அந்த ஒன்று யாதென்பது துலங்க இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வேண்டியிருந்தது. பழ ஈக்களை ஆராய்ந்து, உயிர்க்கலங்களில் ஒரு நாள் வட்டத்தை நடாத்தும் பரம்பரையலகுகளின் இயக்கத்தை விளக்கியமைக்காக ஜெவ்ரி ஹோல், மைக்கேல் ரொஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வியக்கத்தைச் சுருங்கக் கூறின், ஒரு பரம்பரையலகின் ஆணைப்படி ஒரு புரதம் கலத்தில் உண்டாகின்றது. அப்புரதம் பெருகிப் பெருகி ஒரு நிலையை எய்தியதும் தன்னை உண்டாக்கிய பரம்பரையலகையே அடக்கிவிடுகின்றது. பின்னர்ப் புரதம் சிதைந்து குறைய, அடக்கம் நீங்கிப் பரம்பரையலகு மீண்டும் தொழிற்படும். இவ்வட்டம் ஒருமுறை சுழல ஏறத்தாழ இருபத்துநான்கு மணித்தியாலம், அதாவது பழைய கணக்கின்படி அறுபது நாழிகை, செல்லும்.

மனிதனில் இக்கடிகாரங்களுக்குத் தலைமை தாங்குவது, மூளையின் அடியிலே, கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்கு மேலே அமைந்த ஒரு சிறு நரம்புக்கலத் தொகுதியாகும். அதில் ஏறக்குறைய இருபதாயிரம் கலங்கள் உள. கண்வழி புகும் ஒளியைக் கொண்டு அது வெளியுலகின் பொழுதோடு தன்னைப் பொருத்திக்கொள்கின்றது. ஆயின் கடிகாரம் அது ஒன்றே அன்று. ஈரல், சதையி, குடல், கொழுப்பிழையம் முதலிய உறுப்புக்கள் யாவும் தத்தமக்கெனக் கடிகாரங்களை உடையன. 2000 ஆம் ஆண்டிலே ஜெனீவாவில் எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு வியப்பானதோர் உண்மையை வெளிப்படுத்திற்று. இரவில் இரை தேடும் இயல்பினவான எலிகளுக்குப் பகலில் மட்டுமே உணவு கொடுக்கப்பட்டபோது, சில நாட்களுள் ஈரலின் கடிகாரம் தலைகீழாகத் திரும்பி உணவு வேளையைப் பின்பற்றியது. மூளையின் கடிகாரமோ ஒளியையே பின்பற்றி நின்றது. ஒரே உடலுள் இரண்டு பொழுதுகள்! தலைமையாசிரியர் ஒரு நேரசூசியையும் வகுப்பாசிரியர்கள் வேறொரு நேரசூசியையும் பின்பற்றும் பாடசாலையின் நிலையை இதற்கு உவமையாகக் கூறலாம். மணி அடிக்கின்றது, எந்தப் பாடத்துக்கு என்பது ஒருவருக்கும் தெரியாது.

நேரங்கழித்து உண்பவரின் உடலில் நிகழ்வதும் இத்தகையதே. பொழுதுபட்டு இருள் சூழ்ந்தபின், வழக்கமாக உறங்கும் வேளைக்கு ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே, மூளையிலிருந்து மெலற்றோனின் என்னும் ஓமோன் குருதியிற் கலக்கத் தொடங்குகின்றது. அது உடலை உறக்கத்துக்கு ஆயத்தஞ் செய்வது. சதையியிலும் அதற்கு ஏற்பிகள் உள. அவற்றின் வழியாக அது இன்சுலின் சுரப்பைத் தணிக்கின்றது. இரவு முழுதும் உணவின்றி இருக்கப்போகும் உடலுக்கு இத்தணிப்புப் பொருத்தமானதே. அவ்வேளையிலே ஒரு தட்டு நிறைந்த சோறோ பிட்டோ வயிற்றிற் சென்றால், மாப்பொருள் வெல்லமாக மாறிக் குருதியிற் பெருக, அதனை அடக்கவேண்டிய இன்சுலின் அரைத் துயிலிற் கிடக்கின்றது. 2022 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றிலே, ஸ்பெயின் நாட்டவர் 845 பேருக்கு, உறங்கும் வேளைக்கு நான்கு மணித்தியாலம் முன்னதாக ஒரு நாளும், ஒரு மணித்தியாலம் முன்னதாக மற்றொரு நாளும் ஒரே அளவான குளுக்கோசுக் கரைசல் கொடுக்கப்பட்டது. பிந்திக் கொடுத்த நாளிற் குருதி வெல்லம் கூடிநின்றது, இன்சுலின் குறைந்திருந்தது. மெலற்றோனின் ஏற்பிக்குரிய பரம்பரையலகின் ஒருவகை வேறுபாட்டை உடையோரில் இத்தீமை மேலும் மிகுதியாகக் காணப்பட்டது. ஆகவே ஒரே வீட்டில் ஒரே வேளையில் உண்பவருள்ளும் ஒருவர் மற்றவரினும் கூடிய கேட்டுக்கு ஆளாகலாம்.

இலங்கையிலே இதனைச் சிறு பொருளாகக் கொள்ளவியலாது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேலானோர் நீரிழிவு உடையோராகக் காணப்பட்டனர். அவருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு நோயுண்டு என்பதனையே அதுவரை அறியாதிருந்தனர். வடக்கு, கிழக்கு மாகாணங்கள் போர் காரணமாக அவ்வாய்வில் இடம்பெறவில்லை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

உடற்பருமனுக்கும் உண்ணும் வேளைக்கும் உள்ள தொடர்பு இத்துணைத் தெளிவானதன்று. 2013 ஆம் ஆண்டிலே ஸ்பெயினில் எடை குறைக்கும் சிகிச்சை பெற்ற 420 பேர் இருபது வாரங்கள் கவனிக்கப்பட்டனர். அந்நாட்டிலே நண்பகலுணவே பேருணவு. அதனைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் உண்டோர், முந்தி உண்டோரினும் குறைவாகவே எடை இழந்தனர். அதே ஆண்டில் இஸ்ரவேலில் 93 பெண்கள் இரு பிரிவினராக்கப்பட்டு, நாளொன்றுக்கு 1400 கலோரி உணவு பெற்றனர். ஒரு பிரிவினருக்கு அதிற் பாதி காலையிலும், மற்றப் பிரிவினருக்குப் பாதி இரவிலும் கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களின் பின் காலையிற் பேருணவு கொண்டோர் இழந்த எடை மற்றையோர் இழந்ததன் இரு மடங்குக்கும் மேலாயிருந்தது. இவற்றை மட்டும் காட்டி, நேரத்தை மாற்றினாற் போதும், அளவைப்பற்றிக் கவலையில்லை என உரைப்போர் பலர் உளர். அது பாதி உண்மை. 2022 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தின் அபடீன் நகரில், உணவை முற்றாக அளந்து கொடுத்துச் செய்த சோதனையிலே, காலையிற் கூடுதலாக உண்டபோதும் மாலையிற் கூடுதலாக உண்டபோதும் எடைக்குறைவு ஒத்தே இருந்தது. அதே ஆண்டிற் சீனாவின் குவாங்சோவில் 139 பேரைக் கொண்டு ஓராண்டு நடந்த சோதனையும், கலோரி அளவு ஒன்றாயின் காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணிவரை மட்டுமே உண்பதால் எடையிற் குறிப்பிடத்தக்க மேலதிக நன்மை இல்லை எனக் காட்டிற்று.

இவ்விருவகை முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றினும், அவற்றை இணைக்கும் திறவுகோல் அபடீன் ஆய்விலேயே உண்டு. காலையில் மிகுதியாக உண்டவருக்கு நாள் முழுதும் பசி குறைந்திருந்தது. பொஸ்ரன் நகரிலே பதினாறு பேரைக் கொண்டு 2022 இல் நடந்த மற்றொரு நுண்ணிய சோதனையிலே, அதே உணவுகளை ஏறக்குறைய நான்கு மணித்தியாலம் பிந்தி உண்டபோது பசியுணர்வு பெருகிற்று. நிறைவை உணர்த்தும் இலெப்றின் என்னும் ஓமோன் குறைந்தது. விழித்திருக்கும் வேளையில் உடல் செலவிடும் சக்தியும் சற்றுக் குறைந்தது. ஆய்வுகூடத்திலே உணவு அளந்து கொடுக்கப்படுகின்றது. இல்லத்திலோ பசியும் பானையுமே அளவைத் தீர்மானிப்பன. பசியைப் பெருக்கும் வழக்கம் காலப்போக்கில் உண்ணும் அளவையும் பெருக்கும். நேரத்தின் தீமை பெரும்பாலும் இவ்வழியாகவே எடையிற் புலப்படுகின்றது எனக் கொள்வது பொருந்தும்.

எடையையும் நீரிழிவையும் விடுத்துப் பிற கேடுகளை நோக்கின், அவை எளிதில் விளங்குவன. திண்ணிய உணவு இரைப்பையை விட்டு நீங்க ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் செல்லும். கொழுப்பு மிக்கதாயின் இன்னும் தாமதிக்கும். நிரம்பிய இரைப்பையோடு படுக்கும்போது அமிலம் உணவுக்குழாயினுள் மேலேறி நெஞ்செரிவை உண்டாக்குகின்றது. இராச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே குறைந்தது இரண்டு மூன்று மணித்தியாலமாவது விடுமாறு மருத்துவர் கூறுவது இதன் பொருட்டே. பற்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உண்டபின் வாயில் உண்டாகும் அமிலத்தைக் கழுவி நீக்குவது உமிழ்நீர். உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பு மிகக் குறைந்துவிடும். பிஸ்கற்றைக் கடித்தபடி உறங்கிப்போகும் குழந்தையின் பற்களில் அம்மா இரவு முழுதும் ஒட்டியிருந்து சிதைவை விளைக்கும். பற்களை விளக்கியபின் தண்ணீரன்றி வேறெதுவும் கொடாமை என்னும் ஒரு சிறு விதி, பல்வைத்தியரிடம் செலவிடும் பணத்திற் பெரும்பகுதியை மீதப்படுத்தும்.

யாழ்ப்பாணத்து இல்லங்களின் உணவு வேளை எப்பொழுதும் இன்றுள்ளவாறு இருந்ததன்று. தோட்டவேலை செய்யும் குடும்பங்களில் விடியற்காலையிலே பழஞ்சோறு, நண்பகலிற் சோறும் கறிகளும், விளக்கேற்றிச் சிறிது நேரத்துள் பிட்டோ இடியப்பமோ சொதியோடு உண்பது வழக்கமாயிருந்தது. மண்ணெண்ணெய்க்குச் செலவிடத் தயங்கிய குடும்பங்கள் நேரத்தோடு படுத்தன. 1982 இல் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியதோடு மாலைப்பொழுது நீளலாயிற்று. 1990 இல் மின்சாரம் தடைப்பட்டுப் பல ஆண்டுகள் குடாநாடு இருளில் மூழ்கியபோது, ஜாம் போத்தலில் திரியிட்டுச் செய்த விளக்கின் முன்னே குடும்பங்கள் மீண்டும் முன்னிரவிலேயே உண்டு முடித்தன. அது விரும்பி ஏற்ற ஒழுங்கன்று. எண்ணெயில்லாமையும் அச்சமும் சேர்ந்து விதித்த ஒழுங்கு அது. பலர் அரைவயிற்றோடு படுத்த காலமுமாகும். அதனைப் பொற்காலம் எனப் புனைந்துரைப்பது அவர்பட்ட துன்பத்தை மறப்பதாகும்.

இன்றைய நேரசூசி வேறு. பாடசாலை பிற்பகல் இரண்டு மணியை அண்டி முடிகின்றது. மாணவன் வீடு வந்து, அவசரமாக உண்டு, தனியார் கல்வி நிலையத்துக்குச் சைக்கிளில் ஓடுகின்றான். ஒரு வகுப்பு முடிய மற்றொரு வகுப்பு. வீடு திரும்ப இரவு எட்டு மணியாகின்றது. இடைவேளையில் வெதுப்பகத்து றோல்சும் பணிசும் சோடாவும் அவன் பசியைத் தற்காலிகமாக மறைக்கின்றன. பேருணவை ஒன்பதரைக்கு உண்கின்றான். பின்னர்ப் பரீட்சைக்குப் படிக்க விழித்திருக்கும்போது பதினொரு மணிக்கு ஒரு கோப்பை இனிப்புத் தேநீர். கையெட்டும் தூரத்தில் மிக்சரோ பருத்தித்துறை வடையோ. தந்தையார் பணி முடிந்து வருகையில் சந்தியிலே தகரத்தில் தாளமிடும் ஒலி கேட்டுக் கொத்துரொட்டிப் பொதியொன்றும் கொண்டுவருவாராயின், அன்றைய இரண்டாம் இராப்போசனமும் நிறைவேறும்.

அதன் விளைவை மறுநாட் காலையில் ஆசிரியர் காண்கின்றார். நள்ளிரவில் உண்டவனுக்கு விடியற்காலை ஐந்தரைக்குப் பசி எழாது. தாய் வற்புறுத்தினாலும் தேநீரோடு புறப்படுவான். ஏழரை மணிக்குத் தொடங்கும் பாடசாலையில் இடைவேளை வரும்வரை உணவில்லை. காலைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை வெயில் மயக்கியது என்பது எப்போதும் சரியன்று. யமேக்காவின் கிராமப் பாடசாலைகளில் நடந்து 1998 இல் வெளியான ஆய்வு, காலையுணவு பெற்ற பிள்ளைகளின் வருகை சற்று உயர்ந்ததையும், அவருள் இளையோரின் எண்கணிதத் திறன் மேம்பட்டதையும் காட்டியுள்ளது. காலையுணவு உண்ணுக எனப் பிள்ளைகளுக்கு உபதேசிப்பதாற் பயனில்லை. முதனாள் இரவை முந்தச் செய்தாற் பசி தானே வரும்.

இரவுத் தேநீரைப்பற்றியும் ஒரு சொல். தேநீரிலும் கோப்பியிலும் உள்ள கபீன், உடலிற் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். உறக்கத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னர்ப் பெருமளவு கபீன் உட்கொண்டோரும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உறக்கத்தை இழந்தனர் என 2013 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ஒரு கோப்பைத் தேநீர் அந்த அளவுக்கு மிகக் குறைந்ததே. எனினும் பதினொரு மணிக்குக் குடித்தது ஒரு மணிக்கு வேலை செய்துகொண்டேயிருக்கும். உறக்கத்திற் படித்ததை நினைவிற் பதிக்கும் தொழிலை மூளை செய்கின்றது. படிப்பதற்காக உறக்கத்தைக் குறைப்பவன் விதைத்துவிட்டு நீர் பாய்ச்சாதவனாவான்.

இவ்வில்லங்களிலே பேசப்படாத ஒருவர் உளர், தாய். விடியுமுன் எழுந்து சமைப்பவரும் இரவு எல்லோரும் உண்டபின் உண்பவரும் அவரே. வகுப்பிலிருந்து வரும் மகனுக்கு எட்டரை மணிக்கு ஒருமுறை, பணியிலிருந்து வரும் கணவருக்குப் பத்து மணிக்கு ஒருமுறை உணவைச் சூடாக்கிப் பரிமாறி, எஞ்சிய பிட்டை வீணாக்கக்கூடாதென்று பத்தரைக்குத் தாம் உண்டு, பாத்திரங் கழுவிப் படுக்கின்றார். மேலே கூறிய கேடுகள் யாவும் ஒருங்கே கூடுவது அவரிடத்திலேயாம். இதனைக் கணவருக்குக் காட்டும் அன்பென்றும் பண்பாடென்றும் புகழ்ந்து பேசுவார் பலர். நாற்பது வயது கடந்த பெண்ணொருத்திக்கு நீரிழிவுக் கிளினிக்கில் கொப்பி திறக்கப்படும் நாளிலே அப்புகழ்ச்சி எவ்வகையிலும் உதவாது. கணவர் வரப் பிந்துமாயின் தாய் பிள்ளைகளோடு ஏழரை மணிக்கே உண்பதில் எந்தப் பண்பாடும் குலையாது. அவருடைய உணவைச் சூடாக்கிக்கொள்ளக் கணவராலும் முடியும்.

மாற்றங்கள் பெரியனவாயிருக்க வேண்டியதில்லை. வகுப்புக்குச் செல்லும் பிள்ளைக்கு மாலை ஐந்து மணியளவில் அவித்த கடலை, கௌபி, முட்டை, வாழைப்பழம் போன்ற வயிறு தாங்கும் உணவைக் கட்டிக் கொடுத்தால், இரவு ஒன்பது மணிக்கு அவன் பானையை வெறுமையாக்கமாட்டான். இராச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முன் கொணர இயலாத வீட்டில், பேருணவு நண்பகலிலேயே நிற்க, இரவில் அளவு குறைந்தால் அதுவும் நன்மையே. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் பிறழ்ந்து உண்பதையும் உடல் கடிகாரம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் ஆதலால், விடுமுறை நாளிலும் வேளை பெரிதும் மாறாதிருத்தல் நன்று. தனியார் வகுப்புக்களை இரவு ஏழு மணிக்கு மேல் நடாத்தாதிருப்பது பெற்றோரால் மட்டும் ஆகக்கூடியதன்று. அவற்றிற் கற்பிப்போருள்ளும் இச்சஞ்சிகையை வாசிப்போர் இருத்தல் கூடும்.

தாதியர், காவலர் முதலாய இரவுப் பணியாளருக்கு இவ்வறிவுரைகள் அவ்வாறே பொருந்தா. அவருக்குப் பயன்படத்தக்க ஒரு சோதனை 2021 இல் வெளியாயிற்று. ஆய்வுகூடத்தில் இரவுப்பணி போன்ற நிலைமையில் வைக்கப்பட்ட பத்தொன்பது பேருள், இரவிலும் உண்டோரின் குருதி வெல்லம் சராசரியாக நூற்றுக்கு 6.4 பங்கு உயர்ந்தது; பகலில் மட்டுமே உண்டோருக்கு அவ்வுயர்வு ஏற்படவில்லை. பணிக்குச் செல்லுமுன் மாலையில் நன்கு உண்டு, நள்ளிரவில் நீரும் இனிப்பில்லாத பானமும் அளவாகக் கொண்டு, காலையில் வீடு வந்து உண்பது அவருக்கு ஏற்ற வழியாகலாம்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி ஏற்றுவோரும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குளிசை உட்கொள்வோரும் இவற்றை வாசித்து இராச் சாப்பாட்டைத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. மருந்து தன் வேலையைச் செய்ய, உணவு வயிற்றில் இல்லையாயின், குருதி வெல்லம் அபாயகரமாகக் குறைந்து உறக்கத்திலேயே உணர்விழக்க நேரலாம். அத்தகையோர் வேளையை மாற்றுமுன் மருந்தின் அளவையும் வேளையையும் மருத்துவரிடம் கேட்டு மாற்றுதல் வேண்டும். கருவுற்ற தாயருக்கும் கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாயருக்கும், ஒரே வேளையில் வேண்டியளவு உண்ணமாட்டாத முதியோருக்கும் நெடுநேரப் பட்டினி ஏற்றதன்று. அவர் இரவிற் பசித்தால் ஒரு கோப்பைப் பாலோ சிறிது கஞ்சியோ தயங்காது கொடுக்கலாம்.